ரெண்டாவது கட்டிலுக்கும் காசு

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. கப்பல்ல நீச்சக் கொளம் இருக்குது, பாட்டுக் கச்சேரி இருக்குது, மாடில சறுக்குமரம் இருக்குது. இருந்துட்டுப் போவுது. ஒரு ஆளுக்கு எவ்ளோ? அத்த சொல்லு. வந்து ஒக்காந்ததுலேர்ந்து அதான் கேட்டுக்கினு இருக்கேன்.

பதினாறாயிரம். சரி. வெளிய போர்டுலயும் அதான் போட்டிருக்குது. தொப்பி வெச்சிக்கினு ஒரு பொண்ணு சிரிக்குது பாரு, அதுக்குக் கீழ. ஒரு ஆளுக்குப் பதினாறாயிரம். ரைட்டு. ஒரு ஆளுக்குப் போடு.

இன்னாத்துக்கு முழிக்கிற?

ரெண்டு பேரா வந்தாத்தான் ஆளுக்குப் பதினாறா? அப்ப ஒரே ஆளா வந்தா? முப்பதா?

இரு, இரு. எனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஒரு ஆளுக்குப் பதினாறு. ஒரே ஒரு ஆளு வந்தா முப்பது. எந்த இஸ்கூல்ல சொல்லிக் குடுத்த கணக்குப்பா இது?

ஒங்கப்பாரு ஷேக் மைதீன் பாய் இதே எடத்துலதான் இரும்புக் கட வெச்சிருந்தாரு. நீ அப்ப டவுசரு போட்டுக்கினு கீழ கொட்ற ஆணியப் பொறுக்கிக்கினு இருப்ப. ஒரு மம்முட்டி குடு பாய்னா ஒரு மம்முட்டி குடுப்பாரு. நீ ஒண்டி ஆளுதான கண்ணாயிரம், ஒண்டி ஆளுக்கு ரெண்டு மம்முட்டி வெலன்னு அவரு ஒருநாளும் சொன்னதில்ல. அவரு பெத்த புள்ள நீ. ஏசி போட்டுக்கினு ஒக்காந்து சொல்ற.

கப்பல்காரன் சொல்றானா. எவனோ கண்ணுக்குத் தெரியாதவன் மேல போட்டுட்டா வேல முடிஞ்சிது.

கட்டிலு. ம். ரூமுக்கு ரெண்டு கட்டிலு. ஒண்ணுல ஆளு படுத்தா இன்னொண்ணு சும்மா கெடக்குது. சும்மா கெடக்கற கட்டிலுக்கும் சேத்து வாடக. புரியுது, புரியுது. நம்மூரு ஷேர் ஆட்டோக்காரன் கத. சீட்டு ரொம்பலய்யா, அவசரம்னா காலி சீட்டுக்கும் நீயே குடுத்துடு, எடுக்கறேம்பான். அவனாச்சும் முக்குக்கு முக்கு ஒரு ஆள ஏத்திக்கினு போவான், நம்மளும் நாலு திட்டு திட்டி மனச ஆத்திக்கலாம். இவன் நடுக்கடல்ல எவன ஏத்தப் போறான், எவன நான் திட்டப் போறேன்?

சரி, எங்க போவுது இந்தக் கப்பலு? சென்னைல கெளம்புது. அப்பறம்? நடுக்கடலு. அப்பறம்? திரும்பி சென்னையா? அவ்ளோதானா? ஒரு ஊர்ல நிக்காது, எறங்கி ஒரு டீ குடிக்க முடியாது. ஏம்பா, எங்கயும் போவாமத் திரும்பி வர்றதுக்கா முப்பதாயிரம்? எங்க களமருதூரு பஸ்ஸு வழில பஞ்சராயி நின்னா, கண்டக்டரு டிக்கெட்டு காசத் திருப்பிக் குடுப்பான் தெரியுமா?

இல்ல, கொற சொல்லல. எங்கயும் நிக்காதது நல்லதுதான். நல்லதுதான் அது. நீ மேல சொல்லு.

யாரா? ராஜாங்கமா? ஆமா, ஒன்கிட்டதான் டிக்கெட்டு போட்டான். திருநாவலூரு. என் மச்சினன்தான், எங்க வூட்ல இருக்கற அம்மாவுக்குக் கூடப் பொறந்த தம்பி. அவன் சொல்லித்தான் ஒன்னத் தேடிக்கினு வந்தேன். போன மாசம் கப்பல் போயிட்டு வந்தான், புருசனும் பொண்டாட்டியுமா. வந்த மறுநாளு எங்க வூட்டுக்கு வந்து போனத் தொறந்தான் பாரு, மூடவே இல்ல. நூத்துக்கணக்குல படம். இன்னா படம்ங்கற? தட்டு. தட்டுல சோறு. தட்டுல கேக்கு. தட்டுல இன்னான்னே தெரியாத ஒண்ணு. கடலு எங்கடான்னு கேட்டேன். அது பின்னால இருக்குது மாமா, தட்டுக்குப் பின்னாலன்றான். அம்மாம் பெரிய கடல ஒரு தட்ட வெச்சி மறைச்சிட்டு வந்திருக்கான்.

எங்க வூட்டு அம்மா அந்தப் படத்தையெல்லாம் பாத்துச்சி. பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சி. ஏண்டா ராஜாங்கம், அடுப்பு எங்க இருக்குது அந்தக் கப்பல்ல? அவன் சொல்றான், தெரியலக்கா, நாங்க அடுப்பயே பாக்கல. ரெண்டு நாளும் பாக்கலயா? பாக்கல. அப்டியான்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சி.

ஒனுக்கு எதுக்கு இந்தக் கதையெல்லாம். ரேட்டு சொல்லு.

அந்த அம்மாவயும் கூப்ட்டுக்கினு போவணுமா? இன்னா, யாபாரம் பேசறியா? ரெண்டாவது ஆளு ஓசி மாரின்றியா. முப்பது குடுக்கறதுக்கு முப்பத்திரண்டு குடுத்தா ஜோடியாப் போயி ஜோடியா வரலாம். ஒன் கணக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா வாணாம். ஒரு ஆளுதான்.

ஏன்னு கேக்காத தம்பி. ஒரு ஆளுன்னா ஒரு ஆளு.

சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது. நீ வேற. வர்ற தை மாசம் எழுவதாங் கல்யாணம் வெச்சிருக்குது எங்களுக்கு. எனுக்கு எழுவது முடியுது. எங்க மவன் அன்புச்செல்வன் ஓசூர்ல இருக்கான், அவன் ஏற்பாடு. இங்கதான், கள்ளக்குறிச்சியிலயே மண்டபம் பேசியாச்சு. ஐயரு பேசியாச்சு. சோத்துக்கு ஆளு பேசியாச்சு. எம்பது வயசுக் கெழவனுங்க எல்லாம் வந்து அச்சத போடப் போறானுங்க. திரும்பத் தாலி எடுத்துக் கட்டணும்.

ஆங், வாழ்த்து அப்பறம் சொல்லு. அதுக்கு முன்னாடி மார்கழிக்குள்ள ஒரு ஆளு கப்பல் ஏறி எறங்கணும். அது நடந்தாத்தான் இது. இல்லன்னா மண்டபத்துல மணை காலியாக் கெடக்கும். பத்திரிக அடிச்சி பாதி ஊருக்குக் குடுத்தாச்சு, என் மானம் போயிடும். அதான் அவசரம்.

வேண்டுதலா? ம். அப்டியே வெச்சிக்க. வேண்டுதலுதான். பழனிக்குப் போறவன் இல்ல? திருப்பதிக்குப் போறவன் இல்ல? இது கடலுக்கு. சிரிக்காத. பாரு அந்தப் பெட்டில, கம்மியா எதுனா காட்டுதான்னு.

ஜன்னலு இல்லாத ரூமா. எவ்ளோ கொறையும்? அவ்ளோதானா. ஜன்னலு வேணும். கடல பாக்கறதுக்குத்தான போறது, செவுத்த பாக்கறதுக்கா? செவுரு வூட்டுலயே இருக்குது, நாலு பக்கமும்.

வெள்ளிக்கெழம கெளம்பறது ஜாஸ்தியா? ஏன்? ஓ, கம்ப்யூட்டரு வேல பாக்கற பசங்க லீவுக்கு வர்றாங்களா. அப்ப கம்மி எது? செவ்வாக்கெழமையா? பலே. செவ்வாக்கெழம நம்ம ஆளு எவனும் பொட்டி தூக்க மாட்டான்னு கப்பல்காரனுக்கும் தெரிஞ்சிருக்குது. எமகண்டத்துல கெளம்புனா இன்னும் எதுனா கொறைப்பானா, கேட்டுப் பாரு. மார்கழில மண்டபக்காரன் எறங்கி வந்து பேசுவான் பாரு, எந்த நேரம் சொல்லுங்க, சீரியலு பல்பு ஃப்ரீன்னு. அந்த மாரி.

செவ்வாக்கெழமயே போடு. சாமி குத்தம் கடலு வரைக்கும் வராது. அரப்பரீட்ச நடக்கற வாரமா? அதுவும் கம்மியா? ஆமா, புள்ளைங்க பரீட்சைய வுட்டுட்டு எவன் கப்பல் ஏறுவான். எங்க பேத்தி அபிநயா பரீட்சன்னா எங்க மருமவ டிவி ஒயரப் புடுங்கி பீரோல வெச்சிப் பூட்றா. அந்த வாரமே பாரு.

அது தேடட்டும். அதுக்குள்ள நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. சோறு யாரு ஆக்கறா? அவனுங்களேவா. பாத்திரம்? அதுவுமா. சரி. சாப்ட்ட தட்ட எங்க வெக்கணும்? அங்கயே வுட்டுட்டு எந்திரிச்சிப் போயிக்கினே இருக்கலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? ம். அது கஷ்டமாச்சே. கை தானா தட்டத் தூக்குமே. பழகிக்கணும்.

ரூமு கதவ யாருனா தட்டுவாங்களா? காலைல கூட்ட வருவாங்களா? வாணாம், வரக் கூடாது. தட்டவே கூடாது. அதுக்கு எதுனா இருக்குதா? கதவுல அட்ட மாட்டிட்டா வர மாட்டாங்களா? அட. ஒரு அட்டய மாட்டுனா ஒருத்தன் வர மாட்டானா. நல்ல ஏற்பாடுதான். அந்த அட்ட ரூம்லயே இருக்குமா, நாம எட்த்துக்கினு போவணுமா? இருக்கும். சரி.

போன் டவரு கெடைக்குமா? நடுக்கடல்ல கெடைக்காதா? சுத்தமாவா? நல்லது.

நல்லதுன்னேன். ஏன், நல்லதுன்னு சொல்லக் கூடாதா? வைஃபை வாணாம். காசு கட்னாலும் வாணாம். சும்மா குடுத்தாலும் வாணாம்.

ஒடம்புக்கா? சுகரு கெடையாது. பிரசரு கெடையாது. முட்டி வலி இருக்குது, படி ஏறுனா. லிஃப்ட்டு இருக்குதா? அப்ப ஒண்ணும் இல்ல. நீச்சலு தெரியாது. கப்பல்ல போறதுக்கு நீச்சலு எதுக்கு, அவன் தள்ளிவுட்ருவானா?

இரு தம்பி. ஒரு போன் போட்டுக்கறேன்.

ஏமே. நாந்தான். காலைல பிரசரு மாத்தர போட்டனா? நானுதான், வேற யாரு. போட்டனா? எப்ப? இட்டிலிக்கு முன்னாடியா? சரி. இங்கதான், சுபைரு கடைல. பாத்துக்கினு இருக்கான். இன்னா? ஜன்னலுதான, சொல்லிட்டேன். பசிக்குது. இன்னா சாப்டட்டும்? பரோட்டாவா? ஆவாதா? பொங்கலு? அதுவும் ஆவாதா? அப்ப இன்னாதான் ஆவும்? சரி, இட்டிலி. வெய்யி.

போட்டேனாம். மாத்தரய.

இன்னா சிரிப்பு? நாப்பத்தஞ்சு வருசமா இந்த வவுத்துக்கு எது சேரும், எது சேராதுன்னு அதுக்குத்தான் தெரியும். என் வவுறு, ஆனா சாவி அது கையில. ஒனுக்கும் கல்யாணம் ஆயிடுச்சில்ல? இன்னும் பத்து வருசம் போவட்டும். ஒன் செருப்பு எந்த மூலைல கெடக்குதுன்னு நீயும் போன் போட்டுத்தான் கேப்ப.

பிரசரு கெடையாதுன்னு சொன்னேனா? ஆமா, சொன்னேன். அது வேற, இது வேற. நீ பொட்டியப் பாரு.

ஒரு வழி இருக்குதா? சொல்லு. சேலத்துல ஒருத்தரா? ஜவுளிக் கடக்காரு. அவரும் ஒண்டியாப் போறாரா. ரெண்டு பேரும் ஒரே ரூமுல போனா ஆளுக்குப் பதினாறுலயே முடிஞ்சிடும்.

ஆம்பளையா? ஆவாது. ஆவவே ஆவாது. அட, நல்லவரா இருப்பாரு, பட்டை போட்டவரா இருப்பாரு, கொறட்ட வுடாதவரா இருப்பாரு. ஆவாதுன்னா ஆவாது. பொம்பளையா இருந்தாலும் ஆவாது. பல்லக் காட்டாத, ஒங்கப்பாருகிட்ட சொல்லிடுவேன். யாருமே ஆவாது. அந்த ரூமுல ரெண்டாவதா ஒரு உசுரு மூச்சு வுடக் கூடாது. அவ்ளோதான்.

இன்னாது, வெள்ளிமலையா? பலே. கப்பலு கேட்டு வந்தவன மலைக்கு ஏத்தற. கரியாலூர்ல படகு இருக்குதா. அதுல காலால மிதிக்கணும். மிதிச்சா வட்டமா சுத்திட்டு அதே எடத்துக்கு வரும். ஆமா, கப்பலும் அதான் பண்ணுது, தெரியும். ஆனா வெள்ளிமலை வாணாம். அது பாத்தாச்சு. போன மாசந்தான் பாத்தாச்சு. அங்க பஸ்ஸு போவுது.

பஸ்ஸு போறது நல்லதுதானவா? அதான் கோளாறே. ஒனுக்குப் புரியாது. தேடு.

ம்.

ம்.

இன்னா, வந்துச்சா? எங்க, இப்டித் திருப்பு. எழுத்து பொடிசா இருக்குது, நீயே படி. செவ்வாக்கெழம, அரப்பரீட்ச வாரம். ஜன்னலு ரூமு. கப்பலு ரொம்பாததால ஒண்டி ஆளுக்கு ஒண்ணரை மடங்கு போதும்ங்கறானா? அப்ப இருவத்தி நாலு. அதாவது ரெண்டாவது கட்டிலுக்குப் பாதிக் காசு. பாதிக் கட்டிலு நம்மளது, பாதிக் கட்டிலு கடலம்மாவுக்கு. சரி, அவனும் பொழைக்கணும்ல. வேற வரி, கிரி? அதுல சேந்துதான் வருதா. அப்பறம் கப்பல்ல ஏத்திட்டு, கை அலம்புன தண்ணிக்குக் காசுன்னு வரக் கூடாது. வந்தா இந்தக் கடைக்குத்தான் வருவேன்.

இன்னிக்கு வுட்டாப் போயிடுமா இந்த ரேட்டு? எல்லாக் கடக்காரனும் இதான் சொல்றான். உர மூட்ட விக்கறவனும் இதான் சொல்றான். சரி போடு. இப்பவே போடு. நான் நெல்லு போட்ட காசு கையிலதான் இருக்குது. பாஸ்போட்டு கேக்குமா? ஆதாரு போதுமா? இந்தா, மஞ்சப் பையில இருக்குது, எடுத்துக்க.

பேரா. எழுது.

கமலா.

ஏன் கைய நிறுத்திட்ட? கமலா. ஆதார்ல பாரு, அப்டித்தான் இருக்குது. வயசு அறுவத்தஞ்சு. பொம்பளன்னு போடு. எங்க வூட்டு அம்மா பேரு சொல்லியே ரொம்ப வருசம் ஆச்சு எனுக்கு, ஏமேன்னுதான் கூப்புடறது, வாயில வர மாட்டங்குது.

நான் போறேன்னு எப்பச் சொன்னேன்? ஒரு ஆளுன்னேன். வந்ததுலேர்ந்து ஒரு ஆளு, ஒரு ஆளுன்னுதான சொல்லிக்கினு இருக்கேன். தனியாப் போற ஆளுன்னா அது வேட்டி கட்டித்தான் இருக்கணும்னு நீயா நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது?

சரி, ஒன்ன சொல்லக் கூடாது. மொதல்ல அது கேட்டப்ப நானும் இப்டித்தான் வாயத் தொறந்துக்கினு ஒக்காந்திருந்தேன்.

பத்திரிகைதான் ஆரம்பம். அன்புச்செல்வன் அடிச்சி எட்த்துக்கினு வந்தான். தங்க எழுத்து, ரெண்டு பேரு படமும் போட்டு. அம்மா கையில குடுத்தான். அது வாங்கி மேலயும் கீழயும் பாத்துச்சி. பாத்துட்டு, இதுல எம் பேரு போட்டிருக்குதே, என்ன யாருடா கேட்டிங்கன்னுச்சி. வெளாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சான். இன்னாம்மா கேக்கறதுன்னான். மணையில ஒக்காரச் சொல்லி, கழுத்த நீட்டச் சொல்லி. நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி யாரும் கேக்கல, ஒக்காருன்னாங்க, ஒக்காந்தேன். இந்த தபாவும் அதேதானா? அந்தப் பத்திரிகய சாமி மாடத்துல வெச்சிட்டுக் கையக் கழுவிக்கினு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுச்சி.

சரின்னு நான் சாயங்காலம் கேட்டேன். எனுக்கும் அது பழக்கம் இல்ல பாரு, கேக்கறது. ஏமே, ஒக்கார்றியா மாட்டியான்னு கேட்டேன். மாடு வாங்கறவன் கூட இத வுட நல்லாக் கேப்பான். அது சொல்லுச்சி, யோசிச்சி சொல்றேன். இதுல இன்னா யோசனன்னேன். இங்க யோசிக்க முடியலன்னுச்சி. ஒரு யோசன உள்ள வர்றதுக்குள்ள நீ நாலு தபா ஏமேன்னு கூப்புடற. என்ன எங்கனா தனியா அனுப்பு. யோசிச்சிட்டு வந்து சொல்றேன்.

அதான் வெள்ளிமலை. வீரமணின்னு ஒருத்தன், ஜீப்பு ஓட்றான் மேல. அவன் வூட்டு மாடில ஒரு ரூமு பேசி அனுப்பி வெச்சேன். மூணு நாளுன்னு பேச்சு. மொத நாளு நான் போன் போட்டேன், புளி எங்க இருக்குதுன்னு கேக்க. அப்பறம் கேஸு எந்தப் பக்கம் திருவணும். அப்பறம் எதுவோ. மறுநாளு சும்மாத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தேன். சத்தியமா சும்மாத்தான். கச்சிராயபாளையம் வழியா மல ஏறுற பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சி. ஏறிட்டேன்.

போயி எறங்கறேன். பாறை மேல ஒக்காந்துக்கினு இருக்குது. கையில டீ கெளாஸு. எதையோ பாத்துக்கினு இருக்குது. காலு ரெண்டையும் நீட்டிக்கினு. வூட்டுல அது காலு நீட்டி ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. என்னப் பாத்துச்சி. ஒடனே எந்திரிச்சிடுச்சி. டீயக் கீழ ஊத்திடுச்சி. சாப்ட்டியான்னு கேட்டுச்சி. அந்த வீரமணி வூட்டு அடுப்பக் கடன் வாங்கி எனுக்குச் சோறு ஆக்கிச்சி.

அவ்ளோதான். எறங்கி வர்ற பஸ்ஸுல ஜன்னலு பக்கம் திரும்பி ஒக்காந்துக்கினு சொல்லுச்சி, நீ பஸ் ஏறி வர முடியாத எடமாப் பாரு. திட்டல. திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன்.

அந்த நேரத்துக்குத்தான் ராஜாங்கம் வந்து தட்டுத் தட்டா படத்தக் காட்டறான்.

ஒனுக்கு இன்னும் ஆச வுடல பாரு. இன்னும் எட்டாயிரம் போட்டா நானும் போலாம். தெரியும் தம்பி. கணக்கு எனுக்கும் வரும். அந்த எட்டாயிரத்த மிச்சம் புடிக்க வந்தவன்னா நெனச்ச? அது கேட்டது கடலு இல்ல, கச்சேரி இல்ல. அந்தக் காலிக் கட்டிலதான் கேட்டுச்சி. பக்கத்துல யாரும் இருமாத, தண்ணி கேக்காத, ஒரு காலிக் கட்டிலு. அதுக்குத்தான் அந்தப் பாதிக் காசு. அது குடுத்துதான் ஆவணும். ஆனா கப்பல்காரன் அடிக்கற கொள்ள கொள்ளதான், அதுல சந்தேகம் இல்ல.

தொறமுகத்துல கொண்டுபோயி ஏத்தி வுடறதா? ராஜாங்கம் ஏத்தி வுடறான். நான் வந்தா நான் எங்க நிக்கறேன், எப்டித் திரும்புவேன்னு அதையே நெனச்சிக்கினு ஏறும்.

வாணாம்னு சொன்னாவா? திரும்பி வந்து மணையில ஒக்கார மாட்டேன்னு சொன்னா?

சொல்லட்டும். மண்டபக்காரன்கிட்ட சொல்லி எவன் வூட்டுக் காதுகுத்தாச்சும் வெச்சிக்கலாம். ஐயரும் சோறும் சும்மாவா இருக்குது, எவனாச்சும் தின்னட்டும். ஊரு சிரிக்கும். சிரிச்சிட்டுப் போவுது. பத்திரிகய வாங்குனவனுங்க கேட்டா, கப்பலு லேட்டுன்னு சொல்லிக்கறேன்.

இன்னா, வேற எதுனா கேக்குதா ஒன் பொட்டி? அவசரத்துக்கு ஒரு நம்பரா? அதாவது கப்பல்ல எதுனா ஒண்ணுன்னா யாருக்குச் சொல்றதுன்னா.

என்து போடாத. அதையும் எங்க வூட்டு அம்மா சொல்லித்தான் அனுப்புச்சி. மவன்துவும் வாணாம், அவன் ஒடனே எனுக்கு அடிப்பான். ஒன்து போடு. ஆமா, ஒன்துதான், சுபைருன்னு போடு. ஒறவு இன்னான்னு கேட்டா, கடக்காரருன்னு போடு. அவசரம்னு எதுவும் வராது. வந்தா நீ என்கிட்ட சொல்லிடுவ. சொல்லுவல்ல?

போட்டியா? எங்க, படிச்சிக் காட்டு. என்து இல்லல்ல?

சரி. அமுக்கு.